கதைச்சால் குடி நிக்குமோ?

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதினதைச் சுருக்கமாக முதலில் போடுகிறேன். அண்ணாவுக்கு 38 வயது, மேசன் வேலை, கெட்டிக்காரன். பின்னேரம் வேலை முடிந்தால் நேரே தவறணை, இல்லாவிட்டால் அரைப் போத்தல் சாராயத்தோடு வீடு. போன வருடம் சந்நிதி முருகன் கோயிலில் கற்பூரம் கொளுத்தி, இனிக் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணினார். 11ஆம் நாள் ஒரு செத்தவீட்டில் குடித்தார்; அதற்குப் பிறகு முந்தியை விட மோசம். உளவளத்துணைக்கு (கவுன்சிலிங்) கூட்டிக்கொண்டு போகச் சொல்லிக் கிராம சேவையாளர் சொல்கிறார். அண்ணா "எனக்கென்ன விசரே?" என்கிறார். அம்மா "நாங்கள் கதைக்காத கதையையோ அவை கதைக்கப்போகினம்?" என்கிறா. கதைச்சு ஒரு மனிசன்ர பழக்கம் மாறுமோ என்பதுதான் தங்கச்சியின் கேள்வி.

அம்மாவின் கேள்வி இன்னும் நல்ல கேள்வி. நீங்கள் வீட்டில் கதைக்கிற கதையைத்தான் அங்கேயும் கதைப்பார்கள் என்றால் பஸ் காசு வீண். யாழ்ப்பாணத்தில் புத்திமதிக்குப் பஞ்சம் வந்ததாக நான் அறியவில்லை. குடி கூடாது என்று அண்ணாவுக்குத் தெரியும். ஈரல் பழுதாகும் என்று தெரியும். பிள்ளையின் ரியூசன் காசு எங்கே போகிறது என்று உங்கள் எல்லோரையும் விட அவருக்குத்தான் வடிவாகத் தெரியும்.

ஒரு பழக்கம் விடாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறதென்றால், அது அந்த ஆளுக்கு ஏதோ ஒரு வேலை செய்து கொடுக்கிறது. விலை கூடின வேலைதான், ஆனால் கெதியாகச் செய்கிறது. சாராயம் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் தோள் தளரும், நெஞ்சுப் பாரம் இறங்கும். அதன் கெடுதி அடுத்த நாள் காலமை வரும், அடுத்த மாதம் வரும், 10 வருடம் கழித்து வரும். உடனே கிடைக்கிற சுகத்துக்கும் பிறகு வருகிற கேட்டுக்கும் இடையில் இருக்கிற அந்த இடைவெளியில்தான் புத்திமதி எல்லாம் விழுந்து காணாமல் போகிறது. உளவளத்துணை செய்கிறவர் வேலை செய்கிற இடமும் அதுதான்.

குடியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒரு படலைக் கதை சொல்கிறேன். அதில் இது எப்படி நடக்கிறதென்று வெளிச்சமாகத் தெரியும். (இதிலும் கீழே வருகிற மற்றக் கதையிலும் பலரைக் கலந்து, அடையாளம் மாற்றித்தான் எழுதுகிறேன்.)

ஒருவர், கந்தோர் உத்தியோகம். காலமை படலையை ஆமைப்பூட்டால் பூட்டிவிட்டு சைக்கிளில் வெளிக்கிடுவார். ஒழுங்கை முடக்குக்கு வந்ததும் "பூட்டினனானோ?" என்று ஒரு எண்ணம். திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். மனம் ஆறும். முதலில் நாளுக்கு ஒருதரம். ஒரு வருடத்தில் 8, 9 தரம். மனிசி பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறா, அவவுக்குப் போன் எடுத்து "நான் பூட்டினதைக் கண்டனீர்தானே?" என்பார். அவ "ஓம் ஓம், பூட்டியாச்சு" என்பா. பிறகு போனில் பூட்டைப் படம் எடுக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு, படம் இண்டைக்கு எடுத்ததோ நேற்று எடுத்ததோ என்று திகதி பார்க்கத் தொடங்கினார்.

ஒவ்வொரு முறை திரும்பிப் போகும்போதும் பயம் உடனே இறங்குகிறது. மூளை அதைப் பாடமாக எடுத்துக்கொள்கிறது: பார்த்தபடியால்தான் தப்பினோம். பார்க்காமல் விட்டாலும் ஒன்றும் நடந்திராது என்பதைக் கண்டுபிடிக்க அதற்குச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை. இன்னொரு பொல்லாத விசயமும் உண்டு. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2003இல் ஒரு பரிசோதனை செய்தார்கள். கணினியில் காட்டிய காஸ் அடுப்பை ஆட்கள் திரும்பத் திரும்ப நிறுத்திச் சரிபார்த்தார்கள். பார்க்கப் பார்க்க, "சரியாகத்தான் பார்த்தேன்" என்ற நம்பிக்கை கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது. ஆமைப்பூட்டை 9 தரம் இழுத்த மனிதருக்கு எந்த இழுப்பு எந்த நாளையது என்று மங்கிப்போவது அதனால்தான்.

இவரிடம் "பயப்படாதேங்கோ, பூட்டித்தான் இருக்கு" என்று யாரும் சொல்லவில்லை. மனிசி அதை ஆயிரம் தரம் சொல்லியிருந்தா. அந்த "ஓம் ஓம்" நோய்க்குப் போட்ட சோறு. செய்த வேலை வேறு. உளவளத்துணையாளர் அவரோடு படலையடியில் நின்றார். ஒருதரம் பூட்டு, கையை எடு, நட. முடக்கில் நில். பயம் 100க்கு எத்தனை? 80. திரும்பிப் பார்க்காதே. 5 நிமிடம் கழித்து 85. "நான் போகட்டோ?" என்று கெஞ்சினார், நெற்றியில் வேர்வை. நின்றார்கள். அரை மணித்தியாலத்தில் 45. அடுத்த நாளும் அதே முடக்கு, அதே வெயில், தொடக்கமே 65. படம் எடுப்பதை நிறுத்தினார்கள். மனிசி "ஓம்" சொல்வதை நிறுத்தி, "அதுக்கு நான் மறுமொழி சொல்லேலாது எண்டு பேசினதுதானே" என்று சொல்லப் பழகினா. அவவுக்குத்தான் அது ஆகக் கஷ்டமாக இருந்தது. 2, 3 மாதத்தில் அவர் நேரத்துக்குக் கந்தோருக்குப் போனார். "பூட்டினனோ தெரியாது, போறன்" என்பது அவருடைய வாக்கியம் ஆயிற்று. எண்ணம் இப்போதும் இடைக்கிடை வரும். வந்தாலும் சைக்கிள் திரும்புவதில்லை.

இந்த முறைக்கு வழி போட்டவர் விக்ரர் மேயர் என்ற உளவியலாளர். 1966இல் லண்டனில், சடங்கு போலச் செய்ததையே செய்துகொண்டிருந்த இரண்டு நோயாளிகளில் இதைச் செய்து பார்த்து எழுதினார். அதற்கு முன் இந்த நோய்க்குப் பெரிதாக ஒரு வழியும் இல்லை என்றுதான் வைத்தியர்கள் நினைத்திருந்தார்கள்.

இனி அண்ணாவிடம் வருவோம். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை.

தினமும், நிறையக் குடிக்கிற ஒருவரை வீட்டில் பூட்டி வைத்துத் திடீரென்று நிறுத்தப் பார்க்காதேங்கோ. காலமை எழும்பியதும் கை நடுங்கி, குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலை இருந்தால் இது இன்னும் முக்கியம். கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். 2ஆம், 3ஆம் நாளில் இல்லாததைக் காண்பது, ஆள் தெரியாமல் உளறுவது, காய்ச்சல், நெஞ்சுப் படபடப்பு எல்லாம் சேர்ந்து வரலாம், உயிரே போகலாம். "பேய் பிடிச்சிட்டுது" என்று நூல் கட்டக் கொண்டு ஓடுகிற நிலை சில வேளை இதுதான். இதற்கு ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது. விற்றமின் பி1 ஏற்றுவார்கள். ஒரு கிழமை அளவில் உடம்பு தெளியும். கதை அதற்குப் பிறகு. இன்னொன்று: குடியை நிறுத்தும் குளிசை என்று ஒன்றை அவருக்குத் தெரியாமல் குழம்புக்குள் போடுகிற வேலை சில வீடுகளில் நடக்கிறது. வேண்டாம். அந்தக் குளிசையோடு குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகலாம். வைத்தியர் எழுதி, அவர் அறிந்து போடவேண்டிய மருந்து அது.

உடம்பு தெளிந்த பிறகு என்ன நடக்கும்? முதல் நாளில் யாரும் "குடியை விடுங்கோ" என்று சொல்லமாட்டார்கள். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வளர்ந்த ஒரு கதைக்கும் முறை இருக்கிறது. அதன் அடிப்படை எங்களுக்கெல்லாம் வீட்டில் தெரிந்ததுதான்: ஒருத்தரை ஒரு பக்கம் தள்ளினால் அவர் மற்றப் பக்கம் சாய்வார். நீங்கள் குடியின் தீமையைச் சொல்லச் சொல்ல, அவர் குடிக்கு வக்கீலாகிறார். "நான் உழைச்சுக் குடிக்கிறன்", "அவனைவிட நான் பரவாயில்லை". தன் வாயால் தான் சொன்ன நியாயத்தை மனிதன் நம்புவான். ஆகவே மாறுவதற்கான நியாயம் அவர் வாயிலிருந்து வரவேண்டும். வயரிங் வேலை செய்கிற ஒருவரோடு அது இப்படிப் போனது:

"அண்ணை, குடியை விடுறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? சைபர் எண்டால் துப்பரவாய் இல்லை, பத்து எண்டால் அதுதான் எல்லாம்."

"ஒரு நாலு எண்டு வையுங்கோ."

நாங்களென்றால் "நாலு மட்டுமோ?" என்று பாய்ந்திருப்போம். துணையாளர் கேட்டது: "ஏன் ஒண்டு எண்டு சொல்லேல்லை?"

கனநேரம் சத்தமில்லை. பிறகு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு: "மகள் இப்ப என்ர மோட்டச் சைக்கிள்ளை ஏறுறேல்லை."

இந்த ஒரு வரி அவருடைய வீட்டில் எந்தச் சண்டையிலும் வெளியே வந்ததில்லை.

அடுத்ததாக அவருக்குக் கொடுத்த வேலை எழுதுவது. கொப்பி வேண்டாம் என்றார். சாமான் கடைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார். எத்தனை மணி, எங்கே, ஆரோடு, அதற்கு முன் என்ன நடந்தது, குடித்த பிறகு என்ன மாதிரி இருந்தது. 2 கிழமைக்குப் பிறகு அந்தப் பில்லுகளை மேசையில் பரப்பிப் பார்த்தால், "நான் ஒவ்வொரு நாளும் குடிக்கிறனான்" என்று அவர் சொன்னதே முழுக்கச் சரியில்லை. ஆகக் கூடக் குடித்த நாள்கள் இரண்டு வகை. வீட்டுக்காரர் கூலியில் பாதியைப் பிடித்துவைத்த நாள். கனடாவிலிருந்து தமையன் போன் எடுத்த நாள். தமையன் ஏசுவதில்லை. "என்னடா, எப்பிடிப் போகுது?" என்று மட்டும் கேட்பார். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு இவருக்குள்ளே ஓடுவது "நான் ஒண்டுக்கும் உதவாதவன்" என்ற வசனம். அதை அமர்த்தத்தான் முதல் கிளாஸ்.

1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் கவனித்துத் தொகுத்த விசயம் இது: நடந்த சம்பவத்துக்கும் நாங்கள் செய்கிற செயலுக்கும் நடுவே, மின்னல் மாதிரி ஒரு எண்ணம் ஓடி மறைகிறது. அதைப் பிடித்து வெளியே வைத்து, உண்மைதானோ என்று விசாரிக்கலாம். இதை எங்கள் பக்கத்தில் அறிகை நடத்தைச் சிகிச்சை என்கிறோம். பெயர்தான் பெரிது. அறையில் நடந்தது, "ஒண்டுக்கும் உதவாதவன் எண்டால், இந்த ஒழுங்கையிலை எத்தினை வீட்டுக்கு நீங்கள் வயர் இழுத்தனீங்கள்?" என்று எண்ணிப் பார்த்ததுதான். 17 வீடு.

பில்லுகளில் இன்னொன்றும் இருந்தது, சொன்னால் சிரிப்பீர்கள்: பசி. மத்தியானம் வடிவாகச் சாப்பிடாத நாளில் குடி கூட. எனவே திட்டம் இப்படிப் போடப்பட்டது: வேலை முடிந்தால், தவறணைக்குத் திரும்புகிற சந்திக்கு முன்னால் இருக்கிற கடையில் தேத்தண்ணியும் இரண்டு வடையும். 6:15க்கு மகளை ரியூசனால் ஏற்றுவது. "இனிக் கவனமாக இருப்பன்" என்ற தீர்மானத்துக்குக் காலும் இல்லை, கையும் இல்லை. "இந்தச் சந்தி வந்தால் இந்தக் கடை" என்ற தீர்மானம் தானே நடக்கும்.

ஆசை வருகிற நேரத்துக்கு ஒரு பயிற்சி உண்டு. பருத்தித்துறைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு விளங்கும். அலை எழும்பும்போது அது நிற்காமல் எழும்பிக்கொண்டே போகும் போலத்தான் இருக்கும். உச்சிக்கு வந்து தானே உடையும். குடி ஆசையும் பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தணிந்துவிடும். அதோடு சண்டை பிடிக்காமல், தொண்டை காய்கிறது, கை பரபரக்கிறது என்று கவனித்துக்கொண்டு மூச்சை எண்ணுவது. அலையை உவமையாக வைத்து இதைப் பழக்கியவர் அலன் மார்லற் என்ற உளவியலாளர். மூச்சைக் கவனிப்பது எங்களுக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், சாந்தியாசனத்தையும் அவரவர் சமயத்துக்கேற்ற செபத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர்.

இனி அந்தச் சந்நிதிச் சத்தியம். சத்தியத்தை நான் பகிடி பண்ணமாட்டேன். நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஒரு துளி தொடாமல் இருக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். அந்த நாள்களில் என்ன வித்தியாசம் என்று கேட்டுப் பாருங்கோ: வீட்டில் மச்சம் இல்லை, கூட்டாளிமார் கூப்பிடுவதில்லை, பின்னேரம் போக ஒரு இடம் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் இருக்கிறது. இந்த நாலையும் 26ஆம் நாளுக்கும் கொண்டுபோக வழி தேடுவதே அரைவாசிச் சிகிச்சை.

ஆனால் சத்தியத்துக்கு ஒரு குறை உண்டு. அதில் சறுக்கலுக்கு இடமில்லை. 11ஆம் நாள் செத்தவீட்டில் ஒரு கிளாஸ் குடித்ததும் அண்ணாவுக்கு உள்ளே என்ன ஓடியிருக்கும்? "முருகனுக்கே துரோகம் செய்திட்டன், இனி என்ன கிடக்கு." அவரைப் போத்தலுக்குள் தள்ளியது அந்த ஒரு கிளாஸ் இல்லை, இந்த எண்ணம். மார்லற் 1985இல் வெளிவந்த நூலில் இதைத்தான் விரிவாக எழுதினார்: சறுக்கினவர் அதைத் தன் பிறவிக் குணத்துக்கு ஆதாரமாக எடுத்தால் விழுவார், எந்த இடத்தில் கால் வழுக்கியது என்று பார்த்தால் எழும்புவார். அதனால் நல்ல துணையாளர் சறுக்கலை முன்கூட்டியே பேசிவைப்பார். குடித்துவிட்டால் அடுத்த நாள் ஆருக்குப் போன் எடுப்பது என்பது உட்பட. செத்தவீட்டில் "மச்சான், ஒண்டு போடு" என்று கிளாஸை நீட்டும்போது என்ன சொல்வது என்பதையும் அறைக்குள் வாய்விட்டுச் சொல்லிப் பழக்குவார். துணையாளரே மச்சானாக நடிப்பார். முதல் இரண்டு தரமும் வெட்கத்தில் சிரிப்புத்தான் வரும்.

எங்கள் ஊருக்கென்று ஒரு விசயம் இருக்கிறது, அதை விட்டுவிட்டு எழுத முடியாது. 2009க்கு முன் நடந்ததைச் சுமந்துகொண்டு, நித்திரைக்காகக் குடிக்கிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். கண்ணை மூடினால் காட்சி வரும். குடித்தால் விழுந்து படுக்கலாம். (இரவின் பின்பகுதியில் சாராயம் நித்திரையைக் குழப்பும் என்பது வேறு கதை.) அப்படிப்பட்டவரிடம் ஊன்றுகோலை மட்டும் பறித்தால் விழுவார். அந்த வடுவுக்குத் தனியான சிகிச்சை வேண்டும், அதற்கு முறைகள் இருக்கின்றன. அண்ணா எதற்காகக் குடிக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்ததாக நினைக்கிறீர்கள். எனக்கு அது சந்தேகம்.

எத்தனை நாள் எடுக்கும்? கிழமைக்கு ஒருக்கால், முக்கால் மணித்தியாலம் தொடக்கம் ஒரு மணித்தியாலம் வரை, 12 முதல் 20 தரம் என்பது இந்த வகைச் சிகிச்சைக்குச் சாதாரணக் கணக்கு. நெரிசலான கிளினிக்கில் அவ்வளவு நேரம் கிடைக்காத நாளும் வரும். இரண்டு தரம் போய்விட்டு "சரிவரேல்லை" என்று நிற்பதுதான் இங்கே நான் கூடக் கண்ட பிழை. எல்லோருக்கும் சரிவரும் என்றும் சொல்லமாட்டேன். இரண்டாம் தரம், மூன்றாம் தரம் தொடங்கித்தான் பலர் மாறினார்கள்.

எங்கே போவது? யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் உண்டு, காசு கட்டத் தேவையில்லை. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறாரோ என்று கேளுங்கோ. 1987இல் தொடங்கிய சாந்திகம் போன்ற நிறுவனங்களும் இருக்கின்றன. நேரே போகக் கூச்சமாக இருந்தால் 1926க்கு எடுக்கலாம், தேசிய மனநல உதவி இலக்கம், தமிழிலும் கதைப்பார்கள். தனியாரிடம் போனால், எங்கே படித்தீர்கள், இந்தப் பிரச்சினையோடு எத்தனை பேரைப் பார்த்தீர்கள் என்று கேட்க வெட்கப்படவேண்டாம். ஒரே நாளில் மாற்றுகிறேன் என்கிறவரிடம் போகவேண்டாம். அண்ணா குடித்துவிட்டு அண்ணிக்குக் கை நீட்டுகிறார் என்றால், அவரைத் திருத்துவதற்கு முதல் அண்ணியின் பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் உண்டு. குடித்திருக்கும்போது ஒரு கதையும் வேண்டாம். காலமை, தேத்தண்ணியோடு, இரண்டு வசனம் போதும். வேலைக்குப் போகாத நாளில் மேஸ்திரிக்குப் போன் எடுத்து "அண்ணாவுக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்வதை விடுங்கோ. அதுவும் படலைக்காரரின் மனிசி சொன்ன "ஓம் ஓம்" மாதிரித்தான். குடிக்காமல் வந்த பின்னேரத்தை "இண்டைக்கு என்ன அதிசயம்" என்று குத்தாமல், அவருக்குப் பிடித்த கறியோடு சும்மா இருந்து சாப்பிடுங்கோ.

"எனக்கென்ன விசரே?" என்பதற்கு மறுமொழியாக, "இல்லை அண்ணா, நித்திரை சரியில்லை எண்டு சொன்னனீங்கள்தானே, அதைக் காட்டுவம்" என்று சொல்லிப் பாருங்கோ. பொய்யுமில்லை. கூடப் போனால் வெளியே வாங்கில் இருங்கோ, உள்ளே அவர் தனியப் போகட்டும். வெளியே வந்ததும் "என்ன கேட்டவை?" என்று தொடங்கவேண்டாம். பசி இருக்கும். வழியில் எங்கேயாவது நிப்பாட்டி இரண்டு பேரும் ஏதும் சாப்பிட்டுவிட்டு வாங்கோ.